சட்டைப்பைக்குள் அடங்கிய துவக்கு

வன்னி நாட்டாருக்குத் துவக்கு புதிய பொருளன்று. கட்டுத்துவக்கிற் பன்றி பட்ட கதையும் இடியன் துவக்கோடு காடேறிய பெரியவர் கதையும் நம் கிராமங்களில் இன்றும் வழங்குகின்றன. 2009இல் முடிந்த போர் அதனினும் பெரிய ஆயுதங்களை நம் மக்களுக்குக் காட்டிச் சென்றது. அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாமற் சட்டைப்பைக்குள் மறையும் துவக்கு எவ்வாறு உருவாயிற்று என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அண்மையிலுள்ள ஹெர்ஸ்டாலில், மவுசர் ரைபிள்களைச் செய்வதற்கென 1889இல் ஒரு தொழிற்சாலை எழுந்தது. 1897இல் அதன் அலுவலர் ஹார்ட் பெர்க், சைக்கிள் செய்யும் முறைகளை அறிய அமெரிக்கா சென்றார். சென்ற இடத்தில் அவர் கண்டது ஜோன் மோசஸ் பிரௌனிங் என்ற துப்பாக்கிக் கம்மியரை. சைக்கிளைத் தேடிப் போனவர் பிஸ்டலோடு திரும்பினார்!

பிரௌனிங்கின் நுட்பம் எளியது. குண்டு பாயும்போது வெடிமருந்தின் வாயு வெற்றுத் தோட்டாவைப் பின்னோக்கி உந்தும். அவ்வுந்தலால் மேலுள்ள எஃகுக் கூடு பின்வாங்கி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும். சுருள்வில் கூட்டை மீண்டும் முன்தள்ள, அடுத்த தோட்டா குழலினுட் புகும். ஒவ்வொரு வேட்டுக்கும் விசையை இழுக்கவேண்டுமாதலின் இஃது அரைத் தானியங்கியே. ரிவோல்வரின் சுழலும் உருளை பக்கங்களிற் புடைத்து நிற்கும். இங்கோ தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேலொன்றாக அடுங்கின. ஆயுதம் தட்டையாயிற்று. முழு வரலாறும் அத்தட்டையிலேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1900ஆம் ஆண்டின் மாதிரி 7.65 மில்லிமீற்றர்த் தோட்டாக்கள் ஏழு கொண்டது. 1906இல் வந்த 6.35 மில்லிமீற்றர்ப் பிஸ்டல் நாலரை அங்குல நீளமே. நல்லதொரு மாங்காயின் எடைதான். 1910ஆம் ஆண்டு மாதிரியில் சுருள்வில்லைக் குழலைச் சுற்றியே அமைத்து, உருவத்தை மேலும் மெலிவித்தார்.

நிற்க. அப்பிஸ்டல்கள் நம் பக்கமும் வந்தன. இலண்டனிலிருந்து 20 பிரௌனிங் பிஸ்டல்களை அனுப்பினார் என்பது சாவர்க்கர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவற்றுள் ஒன்றாலேயே 1909 டிசம்பர் 21இல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார் என்றனர். 1911 ஜூன் 17இல் மணியாச்சிச் சந்திப்பில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடிருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பின்னர் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவர் கையிலிருந்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்கே. தோளில் நீண்ட துவக்கோடு ஒருவர் அப்பெட்டியை நெருங்கியிருக்க முடியுமோ? வாஞ்சியின் பெயரை நன்கறிந்த மாணவரும் இக்கேள்வியை எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்றாண்டு கழித்து, 1914 ஜூன் 28இல், சரயேவோ வீதியில் கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டது 1910ஆம் ஆண்டு மாதிரியால். முதல் உலகப் போர் மூண்டது.

பிரௌனிங் 1926 நவம்பரில், தாம் உழைத்த அதே ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் மாரடைப்பால் இறந்தார். 1948 ஜனவரி 30இல் டில்லியில் காந்தியடிகளின்மீது மூன்று முறை வெடித்த பெரெட்டா பிஸ்டல் இத்தாலியர் செய்தது. ஆயினும் அதனுள் இருந்த 9 மில்லிமீற்றர்ச் சிறு தோட்டா, 1908இல் பிரௌனிங் வகுத்த அளவினதே; சரயேவோவில் வெடித்ததும் அதுவே.