பாந்த்ரா நடைபாதையும் மக்ஸூமி குலத்துப் பெண்ணும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பணம் படைத்தவனுக்கு ஒரு சட்டம், இல்லாதவனுக்கு ஒரு சட்டம் என்ற புலம்பல் நம் நாட்டில் புதியதன்று. புகழ்பெற்ற ஒருவர் நீதிமன்றப் படியேறும்போதெல்லாம் தேநீர்க் கடை முதல் பள்ளிவாசல் திண்ணை வரை அது கேட்கும். அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது. ஆயினும் அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நம் சமூகம் எதைக் கேட்கிறது, யாருக்காகக் கேட்கிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2002 செப்டம்பர் 28ஆம் நாள் அதிகாலை, மும்பை பாந்த்ராவில் ஒரு பேக்கரியின் முன்னே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஒன்று ஏறியது. ஒருவர் இறந்தார், நால்வர் காயமுற்றனர். நடிகர் சல்மான் கான் மீது வழக்குத் தொடரப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 மே 6ஆம் நாள், செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்று மாலைக்குள் உயர் நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கியது. இரண்டு நாளில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அவரைக் குற்றவாளி என்று நாம் எழுதவில்லை. ஐயம் இருக்குமிடத்தில் தண்டனை கூடாது என்பது நம் ஃபிக்ஹு மரபும் வலியுறுத்தும் நெறி. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. அந்த நடிகருக்குப் பாதுகாப்பாக அனுப்பப்பட்டிருந்த காவலர் ஒருவரே இவ்வழக்கின் முதன்மைச் சாட்சி. பின்னாளில் நீதிமன்றத்திற்கு வரத் தவறியதற்காக அவர் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார், வேலையை இழந்தார், 2007இல் காசநோயால் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தார். சாட்சி சொன்னவர் சிறையில் இருந்தார். நடைபாதையில் ஒரு மனிதர் இறந்தது உண்மை. அந்தக் காரை ஓட்டியவர் யார் என்பதற்குத்தான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் சட்டத்தின் கண்ணில் விடை இல்லை.

தீர்ப்பு வந்த நாளில் நம்மவர்களில் சிலர் அந்த நடிகருக்காகக் கையேந்தினர். அவர் பெயர் நம் பெயரைப் போன்றது என்பதே அதற்குக் காரணம். நடைபாதையில் இறந்த தொழிலாளியும் கலிமா சொன்னவர்தாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? இறந்தவர் வேற்றுச் சமயத்தவராக இருந்திருந்தாலும் நம் கடமை குறைந்திருக்காது என்பது தனிச் செய்தி. பெயரைப் பார்த்து இரங்குவதும் பெயரைப் பார்த்து வெறுப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். வேற்றார் நம்மைப் பெயரால் எடைபோடுகிறார்கள் என்று குமுறுகிறவர்கள் அதே தராசைத் தம் கையில் ஏந்தலாகாது.

இந்த ஏமாற்றம் மற்றொரு தவறான திசையிலும் பாய்கிறது. நீதிமன்றம் தாமதிக்கும், காவல்துறையே தீர்ப்பெழுதட்டும் என்பதே அது. ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பிடிபட்ட நால்வர் 2019 டிசம்பர் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டபோது மக்கள் காவலர்கள் மீது பூத்தூவினர், இனிப்பு வழங்கினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் என்ன சொன்னது? கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர்; அவர்களில் மூவர் சிறார்கள்; பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப்பட வேண்டும். நடிகர் எவரும், அமைச்சர் மகன் எவரும் இவ்வாறு ‘என்கவுன்ட்டரில்’ மாண்டதாக நாம் கேள்விப்பட்டதுண்டா? விரைவு நீதி என்று ஆரவாரிக்கப்படும் தோட்டா ஏழையின் நெஞ்சை மட்டுமே அறியும். சமமின்மைக்கு அது மருந்தன்று; சமமின்மையின் உச்சம் அதுவே.

நம் மார்க்கம் காட்டும் வழி இதனினும் கடினமானது. மக்கா வெற்றியின் காலத்தில் மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடினாள். உயர்குடிப் பெண்ணுக்குத் தண்டனையா என்று குறைஷியர் கலங்கினர். நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்கு அனுப்பினர். நபியவர்களின் திருமுகம் மாறியது. உயர்ந்தோர் திருடினால் விட்டுவிட்டு, எளியோர் திருடினால் தண்டித்ததே முன்னைய சமூகங்களை அழித்தது என்று மக்கள் முன் எழுந்து நின்று அறிவித்தார்கள். தம் அருமை மகள் ஃபாத்திமாவே ஆயினும் சட்டம் மாறாது என்றும் உறுதிபடக் கூறினார்கள். தண்டனைக்குப் பின் அந்தப் பெண் நல்வழி திரும்பினாள்; அவள் தேவைகளை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களிடம் எடுத்துச் சொல்லி வந்தார்கள். சட்டத்தின் முன் சலுகை இல்லை. தண்டனைக்குப் பின் வெறுப்பும் இல்லை.

திருக்குர்ஆனின் 4:105 முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியாக விரிவுரையாளர் பலர் குறிப்பிடும் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. முஸ்லிம் என்று அறியப்பட்ட ஒருவன் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது சுமத்தினான். அவனுடைய குலத்தார் அவனுக்காக வாதாடினர். இறைவசனமோ நிரபராதியான அந்த யூதரின் பக்கம் நின்றது. மோசடி செய்வோருக்காக வாதாட வேண்டாம் என்று தடுத்தது. நம்மவன் என்பதற்காக வக்காலத்து வாங்குவோர்க்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது எது? புகழ்பெற்றவரின் பிணையைப் பறிப்பதன்று. அதே பிணை எளியவருக்கும் கிடைப்பது. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். 1998 கோவைக் குண்டுவெடிப்பு ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கொடுஞ்செயல். செய்தவர் தண்டிக்கப்பட வேண்டியவரே. ஆனால் அவ்வழக்கில் கைதான அப்துல் நாசர் மஅதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தபின், 2007 ஆகஸ்ட் 1ஆம் நாள் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஒருவருக்கு ஒரே மாலையில் திறந்த கதவு மற்றொருவருக்கு ஒன்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

புலம்பலோடு நிற்பது முஃமினுக்கு அழகன்று. சட்டம் எளியவருக்கும் சில கதவுகளை வைத்திருக்கிறது, தட்டுவாரில்லை. காவலில் உள்ள எவரும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதற்காகவே இருக்கிறது. இப்போதுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, முதன்முறை வழக்கில் சிக்கியவர் அக்குற்றத்திற்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும் பல வழக்குகள் நிலுவையில் உள்ளோரும் இதற்கு விலக்கு. நீதிமன்றத்திற்கு எழுதும் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. இதை அறியாமல் நாள் எண்ணும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா?

பிணை கிடைத்தும் பிணையாளர் இன்றிச் சிறையில் இருப்போர் உண்டு. திருமண மண்டபம் கட்டத் திரளும் நம் ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைச் சட்ட உதவிக்கென ஒதுக்கட்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள் மாதம் ஒரு நாளைச் சிறைவாசிகளுக்குக் கொடுக்கட்டும். பக்கத்துத் தெருவின் முருகனும் அந்தோணியும் அதே உதவியைப் பெறட்டும். நீதிக்குச் சான்று பகர்வோராய் நில்லுங்கள், அது உங்களுக்கும் உங்கள் உறவினருக்கும் எதிராக அமைந்தாலும் சரி என்ற 4:135இன் கட்டளை, நம்மவருக்கு மட்டும் நீதி கேட்பதால் நிறைவேறாது.

நடிகர் வென்றாரா தோற்றாரா என்பது மறுமையில் நம்மிடம் கேட்கப்படாது. நம் தெருவில் வழியற்றுக் கிடந்தவருக்கு என்ன செய்தோம் என்பது கேட்கப்படும். அந்நாளில் விடை சொல்லும் தகுதியை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.