ஏடு யாருடையதோ, நாடு அவருடையதா?

லக்கலப் பகுதியில் பழைய பல்லேகம ஊர் நின்ற நிலம் இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. 2018 ஆம் ஆண்டில் நீர் நிரம்பத் தொடங்கியபோது வயலும் வரம்பும் வீடும் வேலியும் மறைந்தன. குடிபெயர்ந்த உழவனுக்கு எஞ்சியது என்ன? இன்ன இடத்தில் இவ்வளவு நிலம் அவனுக்கு இருந்தது என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட வரி ஒன்றே! நிலம் மூழ்கிய பின்னர் உரிமை ஏட்டில் மட்டுமே உயிர் வாழ்கின்றது. அந்த ஏட்டைக் காப்பவர் யார்? அதில் பிழை நேர்ந்தால் திருத்துபவர் யார்? சிங்கள உழவனுக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் பொதுவான கேள்வி இது.

ஏட்டின் கொடுமையைத் தமிழ் மக்களாகிய நாம் பட்டறிந்தவர்கள். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்குமாறு மலையகத் தமிழரைக் கேட்டது. மாத்தளைக் குன்றுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களிடம் பத்திரம் எங்கே இருந்தது? ஏறக்குறைய 8,24,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. உழைப்புக்குச் சாட்சியாகத் தேயிலை நின்றது. ஆனால் ஏடு சாட்சி சொல்ல மறுத்தது.

1983 யூலையிலோ ஏடு வேறு விதமாகப் பேசியது. தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்களிக்கும் உரிமைக்காகத் தொகுக்கப்பட்ட பெயர்கள் வீட்டுக்குத் தீ வைக்க வழிகாட்டின. ஒரு தேவைக்காகப் பெற்ற தகவலை வேறு தேவைக்குப் பயன்படுத்தலாகாது என்று இன்றைய சட்டநூல்கள் கூறும் விதியை நாம் குருதி சிந்திக் கற்றோம்.

இன்று ஏடு கணினிக்குள் புகுந்துவிட்டது. விரல் அடையாளம், கண்மணி, முகம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் எண்ணிம அடையாள அட்டைத் திட்டத்துக்கு 2022 இல் இந்தியாவின் நன்கொடையுடன் உடன்பாடு காணப்பட்டது. நாம் கணினிக்குப் பகைவரல்லர். மானியம் இடைத்தரகரின்றி உழவனின் வங்கிக் கணக்கைச் சேருமாயின் அதனை வரவேற்போம். பிறப்புச் சான்றிதழுக்காக ஒரு நாட் கூலியை இழக்கும் தாய்க்கு அலைச்சல் குறையுமாயின் அதனையும் வரவேற்போம். ஆனால் காகிதம் களவு போனால் வேறொன்று பெறலாம். களவு போன விரல் அடையாளத்துக்கு மாற்று விரல் எங்கே பெறுவது?

இத்தகைய பொருளைக் காக்க அரசாங்கம் வல்லதா? 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தகவல்கள் அரசாங்கக் கணினிச் சேமிப்பகத்திலிருந்து அழிந்தன. 2023 இல் நச்சு நிரலின் தாக்குதலால், அவ்வாண்டு மே 17 முதல் ஓகத்து 26 வரை அரசாங்க மின்னஞ்சல்கள் அழிந்தன. மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் இழந்தவர் வரிசையில் நின்றது. தன் கடிதத்தைக் காக்க இயலாத அரசாங்கம் நம் கண்மணியைக் காக்குமா?

சட்டம் இருக்கின்றதே என்பர். ஆம், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன, ஒத்திவைக்கப்பட்டன. தகவல் உரிமை ஆணைக்குழுவுக்கு அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரை வேண்டும்; தரவுப் பாதுகாப்பு அதிகார சபையையோ சனாதிபதி நியமிப்பார் என 2022 இல் எழுதினார்கள். நம் ஏட்டை அதிகம் வைத்திருப்பது அரசாங்கமே; அதற்குக் காவலரை அரசாங்கமே நியமிப்பதா? இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமையென ஒன்பது நீதியரசர்கள் தீர்ப்பளித்தது 2017 ஓகத்து 24 இல்; அதற்குள் ஆதார் எண் பல கோடி மக்களுக்கு வழங்கப்பட்டு முடிந்திருந்தது. வெள்ளம் வந்த பின் அணை கட்டும் அந்தத் தவறு இங்கும் நிகழ வேண்டுமா?

எனவே நாம் கேட்பது இது: சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை எவருடைய விரலும் பதியப்படலாகாது. காவல் சபை சுதந்திரமானதாக இருத்தல் வேண்டும். நம்மைப் பற்றிய பதிவைத் தமிழில் படிக்கவும், பிழை திருத்தவும், பிரதி பெறவும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் வழி வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் இன்றே நம் கையிலுள்ள கருவி. காரணம் கூறாமலே கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டியது உத்தியோகத்தர் கடமை. காணியைப் பற்றி அலுவலக ஏடு என்ன சொல்கின்றது என்று உழவர்கள் கேட்டறிக! விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாரத்தில் ஒரு மாலையை அயலவருக்குக் கொடுப்பாராக! வீட்டு உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் ஒவ்வொரு குடும்பமும் வேறோரிடத்தில் பிரதி வைத்திருக்கட்டும்!

வரம்பு கட்டாத வயலில் யார் மாடும் மேயும். தகவலும் வயலே, வரம்பு கட்டுவோம்.