மனை வாங்குவோர் மறக்கும் கையொப்பம்

'பத்திரம்' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். ஆவணமும் பத்திரமே, பாதுகாப்பும் பத்திரமே. முன்னது கையில் இருந்தால் பின்னதும் வந்துவிட்டதாக நம்பி வீடு வாங்குவோர் நம்மிடையே மிகுதி. நெடுநல்வாடையில் மனைநூல் வல்லார் நிழல் பார்த்துத் திசை தெளிந்து, கயிறிட்டு அளந்த பின்னரே அரண்மனைக்கு இடம் வகுத்தனர். இன்றோ, 'சதுர அடி என்ன விலை?' என்னும் ஒரே வினாவோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

புறநகரில் புதுமனை வாங்குவோர்க்கு ஓரளவு காப்பு உண்டு. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் புதிதாகப் பதிவதற்கு 2016 முதல் தடை இருக்கிறது. என் கவலையெல்லாம் பழைய தெருக்களைப் பற்றியது. பள்ளிவாசலும் கடைத்தெருவும் கூப்பிடு தொலைவில் உள்ள அத்தெருக்களில் ஒரு வீடு மலிவாக வருமாயின், மகிழ்வதற்கு முன், ஏன் மலிவு என்று வினவுதல் வேண்டும்.

முப்பதாண்டு வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பர். அச்சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். ஒருவர் மறைந்த அப்பொழுதே அவர் வாரிசுகளுக்குச் சொத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. அவ்வுரிமை பிறந்த செய்தி பதிவேட்டில் ஏறுவதில்லை. முஸ்லிம் சட்டத்தில் ஒவ்வொரு வாரிசின் பங்கும் தனித்தனியே வரையறுக்கப்பட்டது. அண்ணன் விற்றமையால் தங்கையின் பங்கு அற்றுப்போகாது. வாய்மொழியாக அளித்து, பெறுவோர் ஏற்று, உடைமையும் கைமாறிய 'ஹிபா' என்னும் கொடை பதிவு இன்றியும் செல்லும் என 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதுவும் வில்லங்கச் சான்றில் வாராது. இளஞ்சிறார் பங்கோ மேலும் சிக்கலானது. நீதிமன்றத்தால் காப்பாளராக அமர்த்தப்படாத தாய், தன் பிள்ளையின் பங்கை விற்றால் அது செல்லாது என்பது 1918இல் பிரிவி கவுன்சில் உரைத்த தீர்ப்பு.

2024ஆம் ஆண்டில் யானும் வீடு தேடினேன். திருச்சிராப்பள்ளியின் பழைய தெரு ஒன்றில் 600 சதுர அடி மனையில் ஓர் ஓட்டுவீடு. அடுத்த வீடு 30 இலட்சத்துக்குப் போயிருக்க, இதற்கு 24 இலட்சமே கேட்டனர். விற்போர் அண்ணன் தம்பியர் இருவர், பெற்றோர் மறைந்துவிட்டனர். அச்சாரம் கொடுக்க நாள் குறித்த பின்னர்தான், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஒருவர் உண்டு என்பது அண்டை வீட்டார் பேச்சில் தெரிந்தது. "அதுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்றார் மூத்தவர். நகை போட்டது உண்மையாயிருக்கலாம். அது பங்குக்கு ஈடாகாது. ஆணுக்கு இரண்டும் பெண்ணுக்கு ஒன்றுமாகப் பிரித்தால் தங்கைக்கு ஐந்தில் ஒன்று, அஃதாவது 6 இலட்சம். அன்றிரவு கணக்கிட்டபோதுதான் எனக்கு உறைத்தது: எனக்குக் குறைத்த தொகையும் அதே 6 இலட்சம்! மலிவு என்று யான் மயங்கியது, ஐந்தில் நான்கு பங்குக்கு உரிய முழுவிலையேயன்றி வேறன்று. விட்டுக்கொடுத்தவர் அண்ணனுமல்லர், தம்பியுமல்லர்.

நம் ஜமாஅத்துகளில் திருமணப் பதிவேடு உண்டு. எந்த வீட்டுப் பெண் எவ்வூருக்கு மணமாகிச் சென்றாள் என்பதைச் சார்பதிவாளர் அறியார், ஜமாஅத் அறியும். வீடு விற்க முனைவோர்க்கு, மகளிர் உட்பட வாரிசுகள் இன்னார் என ஓர் எழுத்தைப் பெரியோர்கள் வழங்கலாகாதா? நீதிமன்றம் கேட்கும் சான்றாக அது நில்லாது என்பது அறிவேன். வாங்குவோன் கண்ணைத் திறக்க அது போதும். இறப்பு நேர்ந்த ஓராண்டுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்யுமாறு வற்புறுத்துவதும் அவர்களால் இயலும்.

தங்கையாரை நேரிற் சென்று கண்டேன். விற்பனைச் செய்தியையே அவர் அறிந்திலர். மூவரும் கையொப்பமிட்ட கிரயப் பத்திரம் 30 இலட்சத்துக்கே பதிவாயிற்று. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு, 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாய் வேறு. யான் விலைபேசத் தெரியாதவன் என்று என் துறை நண்பர்கள் இன்றும் நகையாடுகின்றனர்.