நூறு வயது காருக்குப் புதுக் கடிவாளம்

தாத்தா ஓட்டிய காரைப் பேரன் ஓட்டுவது ஒரு தனிப் பெருமை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பெருமைக்காகவே பலர் பழங்கால மோட்டார் கார்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார்கள். துடைத்து, மெருகு ஏற்றி, எண்ணெய் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தோடு ஏறிப் புறப்பட்டு விடுகிறார்கள்.

இவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. பழைய காரின் ஸ்டீரிங்கை மாற்றலாமா, கூடாதா என்பதே அந்த வழக்கு.

"மாற்றினால் பழமை போய்விடும்" என்கிறது ஒரு கட்சி. "மாற்றாவிட்டால் உயிர் போய்விடும்" என்கிறது மறு கட்சி.

வண்டிக்கு வர்ணம் எதைப் பூசுவது என்பது போன்ற சண்டை அல்ல இது. காரில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து போகிறார்கள். எதிரே சைக்கிளில் ஒருவர் வருகிறார். ஆகையால் வழக்கைக் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும்.

படகுச் சுக்கான் போல

முதன் முதலில் வந்த கார்களில் ஸ்டீரிங் சக்கரமே கிடையாது. 1886-ம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. படகுக்காரர் சுக்கானைத் திருப்புவது போல அதைத் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் 1901-ல் விற்பனைக்கு வந்து பெயர் பெற்ற ஓல்ட்ஸ்மொபைல் காரிலும் இதே கைப்பிடிதான்.

வண்டி மெதுவாகப் போகும் வரை தொல்லை இல்லை. வேகம் ஏறிய பிறகு, வழியில் ஒரு கல் தட்டினால் போதும், கைப்பிடி கையை உதறிவிட்டுத் திரும்பிக் கொள்ளும்!

1894-ல் பாரீஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த கார் போட்டியில் வாஷரோன் என்பவர் தம் பான்ஹார்டு காரில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு சக்கரத்தைப் பொருத்திக் கொண்டு வந்தார். பிறகு எல்லாரும் சக்கரத்துக்கு மாறினார்கள். யோசித்துப் பார்த்தால், விற்ற காரில் ஸ்டீரிங்கை மாற்றுவது அன்றைக்கே தொடங்கிவிட்ட வேலை!

போர்டு 'டி' மாடல்

வழக்கில் அதிகமாக அடிபடும் பெயர் போர்டு 'டி' மாடல். ஹென்றி போர்டு இதை 1908-ல் வெளியிட்டார். 1927-ல் நிறுத்துவதற்குள் ஒன்றரைக் கோடி கார்கள் செய்து தள்ளினார். குடியானவரும் வாங்கக் கூடிய கார் என்று பெயர் எடுத்தது அது.

அதன் ஸ்டீரிங் மிக எளிய வேலை. சக்கரத்துக்குக் கீழே, ஒரு சிறிய டப்பாவுக்குள், நடுவில் ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றி மூன்று பல்சக்கரங்கள். டிரைவர் சக்கரத்தை நான்கு பங்கு திருப்பினால் கீழே போகும் தண்டு ஒரு பங்கு திரும்பும். அதனால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்றுதான். இன்றைய கார்களில் சுமார் மூன்று சுற்று வேண்டும்.

சட்டென்று திரும்பும் என்பது நல்லதுதான். கெட்டது என்ன? டிரைவரின் கை முன் சக்கரத்தைத் திருப்புவது போலவே, முன் சக்கரமும் டிரைவரின் கையைத் திருப்பும்! பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி நேராகக் கைக்கு வரும். கட்டை விரலைச் சக்கரத்தின் ஆரங்களுக்குள் நுழைக்காதே என்று பழைய டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். விரல் முறிந்துவிடும்.

இன்னொரு ஆபத்து இதை விடப் பெரியது. ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு குட்டைக் கை இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீளக் கம்பி முன் சக்கரத்துக்குப் போகிறது. மூட்டுகள் தேய்ந்து போன வண்டியை ஒரேயடியாக ஒடித்துத் திருப்பினால், அந்தக் கையும் கம்பியும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்து, அதையும் தாண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும். அதன் பிறகு டிரைவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினாலும் கார் நேராகாது. திரும்பிய பக்கமே சுற்றிக்கொண்டு போகும். சாக்கடையோ, சுவரோ, எது குறுக்கே வருகிறதோ அதில்தான் நிற்கும்.

அன்றைய கடைச் சரக்கு

இந்தக் குறைகள் அக்காலத்திலேயே தெரிந்தவை. அவற்றைத் தீர்க்க ஒரு வியாபாரமே நடந்தது. முன் சக்கரங்களை நேராகப் பிடித்து நிறுத்தும் வில்கள் விற்றன. இந்தியானா மாநிலத்து லபாயெட் நகரிலிருந்த ராஸ் கம்பெனி 'டி' மாடலுக்கு என்றே தனி ஸ்டீரிங் பெட்டி செய்து விற்றது. திருகு மரை போன்ற அமைப்பு அது. திருகைச் சுற்றினால் மரை நகரும்; மரையைத் தள்ளினால் திருகு லேசில் சுற்றாது அல்லவா? அதைப் போல சாலையின் அடி டிரைவரின் கைக்கு வருவது வெகுவாகக் குறைந்தது.

தொந்தி பெருத்தவர்கள் ஏறி இறங்க வசதியாக, மடங்கும் ஸ்டீரிங் சக்கரம் கூட விற்றது!

போர்டு கம்பெனியே கடைசியில் இறங்கி வந்தது. காற்று அதிகம் அடிக்காத பருத்த பலூன் டயர்கள் வந்ததும் சக்கரத்தைத் திருப்புவது கனத்துப் போயிற்று. 1926-ம் ஆண்டு மாடலில் நாலுக்கு ஒன்று என்பதை ஐந்துக்கு ஒன்று ஆக்கினார்கள். சக்கரத்தையும் பெரிதாக்கினார்கள். இன்று அதே அளவில் பல்சக்கரங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழைய 'டி' மாடல்காரர்கள் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

கனமான பெரிய கார்கள் வைத்திருப்பவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். ஸ்டீரிங் தண்டோடு, வெளியே தெரியாதபடி, ஒரு சிறு மின்சார மோட்டாரை இணைக்கிறார்கள். விரலால் தொட்டால் திரும்புகிறது. இயந்திர உதவியால் ஸ்டீரிங்கைத் திருப்பும் எண்ணமும் புதிது அல்ல. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1926-லேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீரிங்கைச் செய்து ஓட்டிக் காட்டினார். அது கடைக்கார்களில் வர 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எது நியாயம்?

பழமைக் கட்சியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து மனிதர் எப்படிச் சிரமப்பட்டு ஓட்டினார் என்பதைக் காட்டுவதற்குத்தானே பழைய கார்? ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது பெயர்ப் பலகைதான். மாற்றாத காருக்குத்தான் மதிப்பும் அதிகம்.

அந்த நியாயம் பொருட்காட்சி சாலையில் நிற்கும் காருக்குப் பொருந்தும். சாலைக்கு வரும் காருக்கு முழுதும் பொருந்தாது. சாலையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பழமைக்காக அடிபடச் சம்மதிக்கவில்லை. ஐந்துக்கு ஒன்று பல்சக்கரத்தைப் போட்டால் கற்பு கெட்டுவிடும் என்று சிலர் பேசுவது வேடிக்கை. போர்டே செய்த மாற்றம் அது!

வயதையும் பார்க்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவருக்குத் தோளில் வலு குறைகிறது. மின்சார மோட்டார் இருந்தால் அவர் இன்னும் சில ஆண்டு ஓட்டுவார். இல்லாவிட்டால் கார் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கும்.

ஆனால் மாற்றக் கட்சியாருக்கும் ஒரு கண்டிப்பு வேண்டும். முதலில் பழுது பார்க்காமல் புதுச் சாமான் வாங்குவது பெரும் தவறு. முன் அச்சின் முளைகளும் கம்பியின் மூட்டுகளும் தேய்ந்து ஆடும் வண்டியில் எந்தப் பல்சக்கரத்தைப் போட்டும் பயன் இல்லை. மோட்டார் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆட்டம் கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மூட்டு கழன்று விழும் நாள்தான் தெரியும்.

வேறு காரின் ஸ்டீரிங் பெட்டியைக் கொண்டுவந்து வெட்டி, ஒட்டி, பற்றவைத்துப் பொருத்துவதும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளவே முடியாது. 'டி' மாடலின் முன் அச்சு பதம் செய்த வனேடியம் எஃகு. அதை நெருப்பில் காய்ச்சினால் பதம் போய்விடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் அச்சு பாரம் தாங்காமல் உடையலாம்.

துளை போடாமல், வெட்டாமல், திருகாணியால் பொருத்தி, வேண்டியபோது கழற்றக் கூடிய மாற்றமே சரியான மாற்றம். கழற்றிய பழைய பல்சக்கரங்களுக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். பேரனுக்குக் காரைக் கொடுக்கும்போது அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், எதை மாட்டி ஓட்டுவது என்பதை அவனே முடிவு செய்துகொள்வான்.