கணக்குப் பேரேடு யார் கையில்?

கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி 2021இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழகம் முழுவதும் சங்கங்களின் கணக்குகள் துருவப்பட்டன. போலி நகை, ஒரே ஆளுக்குப் பல கடன் என்று முறைகேடுகள் வெளிவந்தன. விவசாயியின் பணத்தைத் தின்றவரைத் தப்பவிடக் கூடாது. அதேசமயம், திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கத்திலோ போளூரிலோ ஒரு சங்க எழுத்தர் மீது கையாடல் புகார் எழுந்தால், விசாரணை தொடங்குமுன்பே ஊர் அவரைத் திருடனாக்கிவிடுகிறது. இது அநியாயம்.

கையாடல் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5) பிரிவில் பதிவானால் ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆனால் அதற்கு, பணம் எழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டதையும், நேர்மையற்ற நோக்கத்தையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கணக்குக் காட்டத் தவறியது மட்டுமே எல்லா வழக்கிலும் குற்றமாகாது என்று 1960இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. கணக்குக் காட்டவே இயலாவிட்டாலோ, பொய்யான விளக்கம் தந்தாலோ நேர்மையற்ற நோக்கம் எளிதில் ஊகிக்கப்படும். ஆகவே தற்காப்பின் உயிர்நாடி ஆவணங்களே: ரொக்கப் பேரேடு, வவுச்சர், சாவிப் பொறுப்பு யாரிடம் இருந்தது என்ற பதிவு. ஆனால் பணியிடை நீக்கமான அன்றே அந்தப் பேரேடுகள் அவர் கைக்கு எட்டாமல் போகின்றன.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் பாராமல், இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழிசெய்கிறது. திருவண்ணாமலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞருடன் கணக்குத் தணிக்கை தெரிந்த ஒருவரையும் அமர்த்த வேண்டும். கைப்பற்றிய பேரேடுகளின் நகல்களைக் காவல்துறையும் தாமதமின்றித் தர வேண்டும்.