மஞ்சள் மருந்தும் மாத்திரைப் பஞ்சமும்

நூற்பு ஷெட்டில் நிற்கும் தொழிலாளி ஒருவர் திடீரென்று சாய்கிறார். கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் வலிப்பு தானே அடங்குகிறது. பெயர் இரும்புக்குப் போகிறது! மறுநாள், "இந்த ஆள் நமக்கு வேண்டாம்" என்கிறார் மேஸ்திரி. வயல் வரப்பிலும் இதே காட்சிதான்.

இந்த நோய்க்கு மஞ்சளிலிருந்து 'நானோ' மருந்து வரப்போகிறது என்று செய்தி அடிபடுகிறது. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஆசை என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலிப்பு பேயுமல்ல, சாபமுமல்ல, தொற்றுவதுமல்ல. மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பால் வேலை செய்கின்றன. அவை கட்டுமீறி ஒரே சமயத்தில் துடித்தால் வலிப்பு. தலையில் பட்ட அடி, பிரசவத்தில் குழந்தைக்கு ஏற்பட்ட மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், மலக்கழிவு கலந்த உணவிலும் நீரிலும் வரும் நாடாப்புழு முட்டை - காரணங்கள் பல. பெரும்பாலும் ஏழையின் வீட்டைத் தேடிவரும் காரணங்கள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் 80 சதவீதத்தினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்ற பொருள். அது வீக்கத்தைத் தணிக்கிறது, நரம்பணுக்களைக் காக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அது தண்ணீரில் கரையாது. குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும். மிஞ்சியது மூளைக்குப் போனாலும், அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர், மில் கேட்டில் நிற்கும் காவற்காரனைப் போல, கண்டதையும் உள்ளே விடாது. ஆகவே குழம்பில் மஞ்சளை அள்ளிப் போட்டு வலிப்பை நிறுத்த முடியாது.

இந்தத் தடைகளைத் தாண்டத்தான் நானோ துகள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் முதலியவற்றால் நுண்ணிய உருண்டை செய்து, அதற்குள் குர்க்குமினை அடைக்கிறார்கள். எவ்வளவு நுண்மை? ஒரே ஒரு பஞ்சு இழையின் அகலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட துகள்களை வரிசையாக வைக்கலாம். மருந்து கொடுத்து வலிப்பு வரவழைத்த சுண்டெலிகளுக்கு, ஈரான் விஞ்ஞானிகள் இப்படிப்பட்ட துகள்களைக் கொடுத்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஞாபகசக்திக் குறைவும் மூளையணுக்களின் சேதமும் குறைந்தன.

நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் சுண்டெலி வேறு, மனிதர் வேறு. வலிப்புக்கென்று மஞ்சள் நானோ மருந்து எதுவும் இன்னும் அங்கீகாரம் பெற்று ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. 'நானோ' என்று லேபிள் ஒட்டிய புட்டியை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாளை மருந்து வந்தால் அது யார் கைக்குள் இருக்கும்? புண்ணுக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார் கண்ட வைத்தியம். அதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேடண்ட் கொடுத்தார்கள். நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடிய பிறகே 1997-ல் அது ரத்தாயிற்று. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியோல் என்ற பொருள், கடும் வலிப்புக்கு மருந்தாக 2018-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கம்பெனி வைத்த விலை வருஷத்துக்குச் சுமார் 32,500 டாலர்! செடியைக் கம்பெனியா படைத்தது?

இத்தனைக்கும் பழைய மருந்து கைவசம் இருக்கிறது. பீனோபார்பிட்டால் 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. வருஷத்துக்கு 5 டாலர் அளவில்கூட சிகிச்சை தரலாம், சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது அதே ஸ்தாபனம். ஆனால் மிக ஏழ்மையான நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் மாத்திரையே எட்டாதவர்களுக்கு நானோ மருந்து எப்படி எட்டும்?

மஞ்சள் ஆராய்ச்சி சர்க்கார் பணத்தில் நடக்கட்டும். பலன் மக்களின் சொத்தாக இருக்கட்டும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை ஒரு நாள்கூடத் தீர்ந்துபோகக் கூடாது. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி வரும் விவசாயத் தொழிலாளியிடம், "அடுத்த வாரம் வா" என்று சொல்வது அவரைப் படுகுழியில் தள்ளுவதாகும்.

மில் தோழர்களுக்கு இன்னொன்று. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். இராத்திரி ஷிப்ட் இந்நோயாளிக்கு விஷம். அவருக்குப் பகல் ஷிப்டும், ஓடும் மிஷினை விட்டு விலகிய வேலையும் கேட்டு வாங்க வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. வலிப்பு நோயாளியின் திருமணத்துக்கு இந்துத் திருமணச் சட்டம் வைத்திருந்த தடையே 1999-ல் நீங்கிவிட்டது. மில் கேட்டில் மட்டும் அந்தத் தடை ஏன்?

சக தொழிலாளி வலிப்பில் விழுந்தால் மிஷினை நிறுத்துங்கள். இரும்பைத் தேடாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.