விடையிலிருந்து வினாவுக்கு

ஊர்காவற்றுறையின் ஆழமற்ற கடலில், நண்பகல் வெயில் அடிமணலில் வெளிச்ச வலைபோல அசையும். அந்த வலையைப் பின்னுபவை மேலேயுள்ள சிற்றலைகள்தான். அலையின் வளைந்த முகம் ஒளியை முறிக்கிறது. ஒளி குவியும் இடம் வெண்கோடாகிறது. ஒளி விலகிய இடம் மங்குகிறது.

இதைத் தலைகீழாகக் கேட்டுப் பார்ப்போம். மணலில் வலைக்குப் பதிலாக ஒரு முகம் தெரியவேண்டுமானால் நீர்ப்பரப்பு எப்படி வளைந்திருக்கவேண்டும்? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நீரையல்ல, தெளிவான அக்ரிலிக் தகட்டை. அதன் முகத்தில் மெல்லிய மேடுபள்ளங்கள் மட்டுமே உண்டு. ஆனால் தகுந்த ஒளியில் பிடித்தால் எதிர்ச்சுவரில் படம் விழும். தகட்டில் மையில்லை. அது ஒளியை மறைப்பதில்லை, இடம்மாற்றுகிறது. எந்த ஒளி எங்கே போகவேண்டும் என்ற கணக்கு, மண்ணை மிகக் குறைந்த செலவில் இடம்மாற்றுவது எப்படி என்று 1781 இல் பிரான்சின் மோன்ஷ் எழுப்பிய வினாவின் வழிவந்தது. பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும் வேண்டிய சாய்வை ஒளி முறிவு விதி தருகிறது. அந்தச் சாய்வுகள் யாவும் இசைந்து ஒரே பரப்பாக வேண்டும், கடினம் அங்கேதான்.

தலைகீழாகக் கேட்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. 984 அளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதினார். குறித்த தூரத்தில் ஒரு பொருளை எரிக்கவேண்டும். வில்லையின் வடிவம் என்ன? இதுவே அவர் கேட்டது. கோள வடிவ வில்லை எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்க்காது. அதிபரவளைவு வடிவம் சேர்க்கும் என்று அவர் நிறுவினார். அதற்கு அவர் கையாண்ட விகிதம்தான் இன்று நாம் ஸ்னெல்லின் விதி என்று படிப்பது. ஸ்னெல் அதைக் கண்டது 1621 இல். டமஸ்கஸிலும் தெஹ்ரானிலும் பிரிந்து கிடந்த கையெழுத்துப் பிரதிகளை ஒன்றுசேர்த்து, ரொஷ்தி ராஷித் 1990 இல் இதை உலகுக்குக் காட்டினார்.

மீலாத் விழாப் பேச்சுகளில் நாம் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களை அடுக்குகிறோம், கைதட்டுகிறோம். அவர்கள் கேட்ட கேள்வி என்னவென்று யாராவது வினவினால் மௌனமாகிறோம். ஸ்னெல் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று சொல்வதிலும் நியாயமில்லை. அவர் தாமாகக் கண்டார். பெயரை மட்டும் மனனஞ்செய்வது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதே என் கருத்து.

நமது வகுப்பறையிலும் இதே குறை உண்டு. வில்லையும் குவியத் தூரமும் தரப்படும்; விம்பம் எங்கே என்று கேட்பார்கள். நாம் சூத்திரத்தில் எண்களைப் போடுகிறோம். விம்பம் இங்கே வேண்டும், வில்லையை நீயே வடிவமை என்று கேட்பது அரிது. பரீட்சைக்கு வராததை ஏன் கேட்கவேண்டும் என்பார்கள். ஆனால் எங்களில் பலர் சாதாரண தரத்தோடு கணிதத்தைக் கைவிடுவது அது கடினம் என்பதால் மட்டுமல்ல. அதைக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்று எவரும் காட்டாததாலும்தான்.

ஒவ்வோர் அலகின் முடிவிலும் ஒரேயொரு தலைகீழ் வினா போதும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். கண்ணாடித் தட்டில் நீரூற்றி, வெயிலில் பிடித்து, கீழே வெள்ளைத் தாளை வைத்தால் தொடங்கிவிடலாம். தோழியரே, அடுத்த விழா மேடையில் பத்துப் பெயர்களைச் சொல்லாமல், இப்னு ஸஹ்லின் ஒரு வரைபடத்தை வரைந்து விளக்க நம்மில் ஒருத்தி முன்வரட்டும்.